இசக்கிக்கு நான் சொல்லாமல் விட்டது

மழைக்காலத்தில் எங்கள் சேம்பருக்குள் நுழைந்தாலே ஈரக் குடையின் வாடையும் பழைய காகிதத்தின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். மும்பை ஃபோர்ட்டில் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி. சீனியர் வக்கீலுக்குத் தனி அறை. வெளியே ஜூனியர்கள் நாங்கள் இருவர்... நானும் இசக்கியும்.

நான் மாட்டுங்கா. அப்பாவுக்கு பேங்க் வேலை, எனக்குக் கான்வென்ட் படிப்பு. அவள் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், சின்ன மளிகைக் கடை. தமிழ் மீடியத்தில் படித்துச் சட்டம் வரை வந்தவள். அவளுடைய இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பது நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் தாராவி லேபர் கேம்ப்பில் தையல் கூடம் நடத்தும் ஓர் அம்மாளின் கேஸ். காலி செய்யும் உத்தரவுக்கு ஸ்டே கிடைக்காவிட்டால் மறுநாளே மெஷின்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். சீனியர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஃபைல் என் கையில்தான் இருந்தது. எழுந்தேன். ஃபைலைப் புரட்டினேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று முனகினேன். ஜட்ஜ் முடியாது என்றார்.

பக்கத்தில் இசக்கி எழுந்தாள்.

தப்பும் தவறுமான இங்கிலீஷ். ஆனால் எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த ரசீது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஃபைலைத் திறக்கவே இல்லை. பத்தே நிமிடம்... ஸ்டே கிடைத்தது.

வராந்தாவில் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஃபைலோடு நின்ற என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி லலிதா, எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? வா, டீ குடிப்போம்" என்றாள் இசக்கி.

"தலைவலிடி, நீ போ" என்றேன். தலையெல்லாம் வலிக்கவில்லை. வயிறுதான் எரிந்தது. ரயிலில் தாதர் வந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து சீனியர் எனக்கு போன் செய்தார். ஹைகோர்ட்டில் ஒரு பெரிய கேஸுக்கு ஜூனியர் வேண்டுமாம், இசக்கியை நாலு மணிக்கு அங்கே வரச் சொல் என்றார். அவள் கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள்.

நான் போனை வைக்கும்போது திரும்பி வந்தவள், "யாருட்டி போன்ல?" என்று கேட்டாள்.

"எங்க அம்மாடி" என்றேன்.

நாலு மணிக்கு நான் போனேன். அவளால் வர முடியவில்லையாம் என்று சீனியரிடம் சொல்லிவிட்டேன்.

எட்டு மாதம் அந்த கேஸில் இருந்தேன். பக்க எண் போட்டேன், புத்தகம் சுமந்தேன். எழுந்து ஒரு வார்த்தை பேசச் சொன்ன இரண்டு முறையும் அவகாசம்தான் கேட்டேன். இசக்கியின் இடத்தைப் பிடித்தேனே தவிர, அங்கே எனக்கு ஒன்றும் கைவரவில்லை. கடைசியில் வக்கீல் தொழிலையே விட்டேன்.

பிறகுதான் பெண் வக்கீல்களுக்கு அளவாகக் கோட்டு தைக்கும் தொழில். அதுவரை நாங்கள் ஆண்கள் அளவில்தான் வாங்கிப் போடுவோம், தோள் தொங்கும். தாராவியில் ஒரு சின்ன யூனிட்டில் ஆரம்பித்தேன். இன்று பதினெட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள், செம்பூரில் கடை இருக்கிறது. காலேஜ்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். துணிச்சலாக வக்கீல் தொழிலை விட்டு வந்தவர் என்று அறிமுகம் செய்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை.

போன மாதம் கடையின் லீஸ் விஷயமாக இசக்கியின் ஆபீசுக்குப் போனேன். சயான் ஸ்டேஷன் பக்கம். வெளியே பெஞ்சில் உட்கார இடமில்லை, அவ்வளவு கூட்டம். பேப்பரைப் பார்த்து முடித்தாள். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"இசக்கி... அந்த ஹைகோர்ட் கேஸுக்கு சார் உன்னைத்தான் வரச் சொன்னார். நான் உன்கிட்ட சொல்லலை."

"தெரியும்ட்டி" என்றாள், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "மறுநாளே ஏன் வரலன்னு சத்தம் போட்டாரு. மேலுக்கு முடியலன்னு சொல்லிட்டேன்."

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே?"

"சண்ட போட்டா ரெண்டு பேரையும் அனுப்பிருவாரு. எனக்கு அந்த வேல வேணும்லா? ஒரு வாரம் பயங்கர கோவம். பெறவு லேபர் கேம்ப்லேந்து ஒவ்வொருத்தரா கேஸ் கொண்டு வந்துட்டாங்க... ஒன்ன நெனைக்க எங்க நேரம்?"

சிரித்தாள். குத்தலே இல்லை. அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.

அவளைவிட நான் அதிகம் சம்பாதிக்கிறேன். ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். அப்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க இப்போது அப்பாயின்ட்மென்ட் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தனை வருடத்தில் அவளை நினைத்து நான் புழுங்காத வாரமே இல்லை. அவளோ ஒரே வாரத்தில் கோபப்பட்டு முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று அவள் ஸ்டே வாங்கியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்... எனக்கு இதுதான் தாங்கவில்லை.