அளந்து பார்க்காமல் வாங்கிய நாலு பிஸ்டன்

'ரெண்டாங்கியர்' என்ற பெயர் முதன்முதலாக என் காதில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். என் சின்னம்மா மகனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளுக்கு அன்று தலைப்பிரசவம். வலி எடுத்து ஆறு மணி நேரமாகியும் குழந்தையின் அப்பனைக் காணவில்லை. எங்கேடா அவன் என்று கேட்டதற்கு, அவளுடைய அண்ணன் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, "ரெண்டாங்கியர் வந்துக்கிட்டுதான் இருக்கான் அத்தை. மேடு ஏறணும்ல," என்றான். துணைக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் கரி. வழியில் இரண்டு முறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினானாம்.

அவன் ஓட்டிவந்த அந்தப் பழைய பிக்கப் வண்டி அவனுடைய மாமனாருடையது. மாமனாருக்குக் கண் மங்கியபோது சொந்த மகன் அந்த வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புது லாரி வாங்கிவிட்டான். சாவி மருமகன் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே பெரியவர் போய்ச் சேர்ந்தார். வண்டியோடு பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. சுமை ஏற்றினால் மேட்டில் இரண்டாவது கியருக்கு மேல் அது போகாது. சைக்கிள்காரன் கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவான். மச்சான் வைத்த பெயரைப் பிறகு கடைத்தெருவே சொல்ல ஆரம்பித்தது. அது காதில் விழுந்த அன்றைக்கே அவன் மனசுக்குள் ஒரு வைராக்கியம் எடுத்துக்கொண்டான். இந்த வண்டியைப் பற்றி அந்த வீட்டு ஆள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அவனுக்குச் சோறு போட்டது ஒரு கட்டில் கடை. கட்டில், பீரோ, மேசை எல்லாம் கீழே கடையில் ஏற்றி, மேட்டுக்கு மேலே கட்டியிருக்கும் புது வீடுகளில் இறக்க வேண்டும். ஒரு நாள் கடைக்காரர் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மத்தியானத்துக்குள்ள மூணு நடை போற வண்டி எனக்கு வேணும்ப்பா. உன் வண்டி ஒரு நடை போயிட்டு வந்து மூச்சு வாங்குது. மூணு மாசம் பாக்குறேன். இல்லேன்னா உன் மச்சான் லாரியைத்தான் கூப்பிடணும்."

விஷயம் சாயங்காலத்துக்குள் மச்சானுக்கு எட்டிவிட்டது.

"எதுக்கு மாப்ள கஷ்டப்படுறே? எங்கிட்ட வந்து ஓட்டு. புது லாரி. அதுல ரெண்டாவது கியர் இருக்கிறதையே நீ மறந்துருவே."

"பாக்கலாம் மச்சான்," என்றான் இவன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அது பாதிதான் வெளியே வந்தது.

வேறு வண்டி வாங்க வழியில்லை. இந்த எஞ்சினையே பிரித்து, பலம் கூட்டிக் கட்டுவது என்று முடிவு செய்தான். அதற்கு முன் அவன் எஞ்சின் கட்டியதில்லை. ஆயில் மாற்றுவான், பிளக் துடைப்பான், அவ்வளவுதான். அவன் பெண்சாதி அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவள். அவள் கொண்டுவந்த நீள நோட்டு ஒன்றில் திட்டம் போடத் தொடங்கினான். காலையில் வேலைக்குப் போகுமுன் அடுப்படி மேசையில் உட்கார்ந்து, போனில் ஊர்ப்பட்ட ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதினான். ஒருத்தன் கேம்ஷாஃப்டை மாற்று என்பான். அடுத்தவன் அதைத் தொடாதே, கார்புரேட்டரைப் பெரிசாக்கு என்பான். மூன்றாமவன் இரண்டு பேரையும் திட்டிவிட்டு சைலன்சரில் ஆரம்பிக்கச் சொல்வான். எழுதியதை அடித்து, அடித்ததை மறுபடி எழுதி, மூன்று வாரத்தில் நோட்டு அழுக்குத் துணி மாதிரி ஆகிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு லேத்துக்காரரிடம் போனான். சிலிண்டர் குடைகிற வேலையில் முடி நரைத்த மனிதர். யார் என்ன திட்டம் கொண்டுவந்தாலும், சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் பிளாக் அவர் மேசைக்கு வந்து அளவு எடுக்கும்வரை காகிதத்தைப் பார்க்க மாட்டார். அது அவருடைய சட்டம்.

"வண்டி எதுக்கு தம்பி? பறக்கவா, சுமக்கவா?"

"ரெண்டுக்கும்ணே."

"அப்போ ரெண்டும் நடக்காது. நோட்டை மூடு. பிளாக்கைக் கொண்டா, அளப்போம். அப்புறம் பிஸ்டன் வாங்கலாம்."

"பிரிச்சுப் போட்டா வண்டி நின்னுரும்ணே. நடை போகாது. சாமானெல்லாம் கையில வந்துட்டா ஒரே வாரத்துல பிரிச்சு மாட்டிரலாம்ல?"

"உள்ள என்ன அளவு இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"கம்பெனி புஸ்தகத்துல போட்டிருக்கே."

"புஸ்தகம் ஓடுற வண்டி இல்லப்பா," என்று சொல்லிவிட்டு லேத்துக்காரர் டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

இவனுக்கு அது ஏறவில்லை. கூலிக்காகச் சுற்றவிடுகிறார் என்று நினைத்தான். கம்பெனி அளவுக்கு அடுத்த பெரிய அளவில், அழுத்தம் கூட்டுகிற நாலு பிஸ்டனைத் தூரத்துக் கடைக்குச் சொல்லிவிட்டான். பொருள் வர ஏழு வாரமானது. அந்த ஏழு வாரமும் தினமும் போன் பேசினான். கடைக்காரப் பெண் கடைசியில் அவன் குரலைக் கேட்டதுமே, "இன்னும் வரலை அண்ணா," என்று சொல்லப் பழகிவிட்டாள்.

வந்ததும் லேத்துப் பட்டறை முற்றத்தில் வைத்து எஞ்சினைப் பிரித்தார்கள். லேத்துக்காரர் அளவுக்கருவியைச் சிலிண்டருக்குள் விட்டார். எடுத்துத் துடைத்தார். மறுபடி விட்டார். மூன்றாவது முறையும் விட்டுத் துடைத்தார். பிறகு புது பிஸ்டன் ஒன்றை எடுத்து உள்ளே விட்டுக் காட்டினார். கிணற்றில் விட்ட வாளி மாதிரி அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்தது.

"ஏற்கெனவே மூணு தடவை குடைஞ்சு பெரிசாக்கியிருக்கு. இனி இதுல குடையச் சதை இல்லை. யார் பண்ணினதுன்னு வீட்டுல கேக்கலியா?"

வீட்டுக்கு வந்து நோட்டை மேசையில் எறிந்தான். பெண்சாதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டு, கையைக்கூடத் துடைக்காமல் அவள் சொன்னாள்:

"ஆமா, மூணு தடவை. முதல் தடவை நான் ரெண்டாங்கிளாஸ். அடுத்தது அண்ணன் கையை ஒடிச்சுக்கிட்ட வருஷம். கடைசியா, எங்க பெரியப்பா தவறின மாசம். மூணு தடவையும் பட்டறைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனது நான்தானே."

"மூணு மாசமா உன் கண்ணு முன்னாலதான உட்கார்ந்து எழுதுறேன்?"

"எழுதினீங்க. கேட்டீங்களா? போன்ல இருக்கிறவனையெல்லாம் கேட்டீங்க. குளியலறைக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கோமே, அது என்னன்னு நெனைச்சீங்க?"

அவன் போய் அதை எடுத்துப் பார்த்தான். கடைசித் தடவை குடைந்தபோது கழற்றிப் போட்ட பழைய பிஸ்டன்தான். தலையில் பதித்த அளவு, சோப்புக் கறைக்கு அடியில், தெளிவாகத் தெரிந்தது. அவன் வாங்கியதை விட ஒரு படி பெரிசு. ஆறு வருஷமாகக் காலால் தள்ளிக்கொண்டிருந்த சாமான். அதைப் பிடித்தபடி ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

லேத்துக்காரர் ஒரு வழி சொன்னார். சிலிண்டரை இன்னும் கொஞ்சம் குடைந்து, உள்ளே ஸ்லீவ் என்கிற இரும்புக் குழாயை இறக்கினால், வாங்கிய பிஸ்டனே அதற்குள் பொருந்தும். ஆனால் சுவர் மெலிசு. தாங்குமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. செய்யுங்கண்ணே என்றான். பக்கத்திலேயே நின்றான். இரண்டு சிலிண்டர் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதில் பாதி போகும்போது சத்தம் மாறியது. லேத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். சுவர் பொத்தலாகி, தண்ணீர் ஓடுகிற பாதை தெரிந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போடத்தான் இனி அந்த பிளாக்.

"நீ முதல்லயே கொண்டுவந்து அளந்திருந்தா வேற பிளாக் தேட ரெண்டு மாசம் இருந்திருக்கும் தம்பி," என்றார். குத்திக்காட்டவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

கட்டில் கடைக்காரர் சொன்ன கெடு அடுத்த வாரம் முடிந்தது. அவர் கோபப்படவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. மச்சான் லாரிச் சாவியை நீட்டினான். அன்றைக்கு மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவனுக்குச் சண்டை போடவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

இப்போது அவன் மச்சானின் லாரியை அதே கட்டில் கடைக்கு ஓட்டுகிறான். மத்தியானத்துக்குள் நாலு நடை. பிக்கப், எஞ்சின் இல்லாமல், லேத்துப் பட்டறையின் பின்சுவர் ஓரம் நிற்கிறது. வேறு பிளாக் இன்னும் கிடைக்கவில்லை.