முருகன் அண்ணன் கடை மூடிப்போக ஜெபித்தேன்

முருகன் அண்ணனுடைய கடை மூடிப்போகவேண்டும் என்று ஜெபித்தால் என்ன? இந்த யோசனை எனக்கு முதலில் வந்தது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில். போன ஆகஸ்ட் மாதம். தாத்தா பக்கவாதத்தில் விழுந்து மூன்றாவது நாள். இட்லிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா போனில் சொன்னார்: "நம்ம கடைக்கு எதிர்லயே முருகன் தனிக்கடை போர்டு மாட்டிட்டான்டா."

பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு அங்கேயே கண்ணை மூடினேன். "ஆண்டவரே, அவன் ஷட்டர் ஒரேயடியா இறங்கட்டும்." ஆமென் கூடச் சொன்னேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் அது சாட்சியாக இருக்காது.

தாத்தாவின் பெயர் ஏசையா. மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மிலிட்டரி என்றால்தான் தெரியும். இருபது வருஷம் ராணுவத்தில் லாரி மெக்கானிக். பனிமலையில் இன்ஜின் விறைத்துப்போனால் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டவ் கொளுத்திச் சூடேற்றியவர். திரும்பி வந்து படகு இன்ஜின் ரிப்பேர் கடை போட்டார். எங்கள் ஆட்கள் வயலில் கூலிக்குப் போனவர்கள், கடலில் கால் நனைத்ததோடு சரி. தாத்தாவும் நாற்பது வயதில்தான் படகு ஏறினார். முதல் ஆறு மாதம் வாந்தி. குப்பமே சிரித்ததாம்.

அப்படியும் ஏன் ஏறினார்? அது அவர் வைத்துக்கொண்ட சட்டம். ரிப்பேர் பார்த்த இன்ஜின் முதல் தடவை கடலுக்குப் போனால் அவரும் அந்தப் படகில் போவார். "டிரம்முத் தண்ணில ஓட்னா எந்த இன்ஜினும் ஓடும். அலைல ஓடணும்" என்பார். கிளம்பும் முன் இன்ஜின்மேல் கைவைத்து, "அப்பா, போறவங்க திரும்பி வரணும்." அவருடைய ஜெபம் அவ்வளவுதான்.

முருகன் அண்ணன் அவரிடம் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அவருக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்ததே தாத்தாதான். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணியில் முதல் தட்டு அவருக்குத்தான் போகும்.

ஆஸ்பத்திரியில் தாத்தாவுக்குப் பேச்சு குழறியது. ஒரே ஒரு கேள்வி மட்டும் தெளிவாக வரும். "முருகன் வந்தானா?"

"கடைல வேலை தாத்தா. சாயந்திரம் வருவாரு." தினமும் இந்தப் பொய்யைச் சொன்னேன். பதினோராம் நாள் காலையில் தாத்தா போய்விட்டார். அடக்கத்துக்கும் முருகன் அண்ணன் வரவில்லை.

ஆண்டவரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். சுகமாக்கும் என்று கேட்டேன், ஆக்கவில்லை. அந்தக் கடையை மூடும் என்று கேட்டேன், அது அமோகமாக ஓடியது.

நான் படூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையை உதறிவிட்டுத் தாத்தா கடையைத் திறந்தேன். புது பெயின்ட், புது போர்டு, இன்ஸ்டாகிராம் பக்கம். ஆள்தான் வரவில்லை. அக்டோபர் கடைசியில் செல்வம் அண்ணாத்த ஒருவர் மட்டும் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மிலிட்டரி மூஞ்சிக்காகக் குடுக்கிறேன் தம்பி."

இன்ஜினுக்குத் தண்ணீர் இழுத்துக் குளிரவைக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருந்தது. வீடியோ பார்த்து மாற்றினேன். டிரம்மில் ஐந்து நிமிஷம் அழகாக ஓடியது.

மறுநாள் விடிந்ததும் படகைத் தள்ளும்போது அண்ணாத்த கேட்டார். "கூட வரல?"

"சூப்பரா ஓடுது அண்ணாத்த. நீங்க போய்ட்டு வாங்க."

உண்மை என்னவென்றால், எனக்கு அலை என்றால் பயம்.

பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். "இன்ஜின் பொகையுது தம்பி... நின்னுபோச்சு..." லைன் அறுந்துவிட்டது. படகில் அவரோடு தம்பியும் மச்சானும். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. கரையில் எல்லாப் படகையும் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். செல்வம் அண்ணாத்தவின் அம்மா என் சட்டையைப் பிடித்தார். "மிலிட்டரி இருந்தா எம் புள்ளைங்களோட போயிருப்பாரு. நீ இன்னாத்துக்குடா கரைல நின்னுகினு கீற?"

மணலில் முழங்கால் போட்டேன். தாத்தாவின் ஜெபம்தான் வாயில் வந்தது. கூட ஒன்று சேர்த்துக்கொண்டேன். "யாரையாவது அனுப்பும் ஆண்டவரே. யாரானாலும் சரி."

கண்ணைத் திறந்தால் முருகன் அண்ணன். தோளில் இன்ஜின்.

"இன்னா மாத்துன?"

"ரப்பர் சக்கரம்ணே."

"சக்கரத்து றெக்கைய எந்தப் பக்கம் மடிச்சி உட்ட?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "தலைகீழா மாட்டிக்கீற இன்ஜினியரே. மிலிட்டரி கெய்வரே படகு ஏறுவாரு, நீ ஏன் ஏறல?"

"நீங்க ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

கேட்டுவிட்டேன். அவர் கரையில் கிடந்த ஒரு படகில் இன்ஜினை மாட்டினார். இன்னும் இரண்டு பேரோடு படகைத் தள்ளினார். நானும் ஏறப் போனேன். "நீச்சல் தெரியுமா? தெரியாதில்ல. நீ உன் சாமிகிட்ட கேட்டுகினே இரு."

கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து மணி நேரம். இரண்டு படகுகள் ஒரே கயிற்றில் கரைக்கு வந்தன. மூன்று பேரும் உயிரோடு இறங்கினார்கள். ஸ்தோத்திரம் என்று கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது.

முருகன் அண்ணனிடம் ஓடினேன். நன்றி என்று முடிப்பதற்குள் சொன்னார்: "அந்த இன்ஜின நீ தொடாத. நான் எட்த்துகினு போறேன்." எடுத்துக்கொண்டும் போனார். என்னிடம் இருந்த ஒரே வாடிக்கை!

அன்பானவர்களே, யாரானாலும் சரி என்று கேட்டேன். ஆண்டவர் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். பழைய ஜெபத்துக்கு அவர் ஏன் செவிகொடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. ஆகஸ்டில் அந்த ஷட்டர் இறங்கியிருந்தால், அன்றைக்கு இன்ஜினோடு கரைக்கு வர யார் இருந்திருப்பார்? நீங்களும் தைரியமாகக் கேளுங்கள். ஆனால் அவர் அனுப்பும் ஆளை நாம் பொறுக்கியெடுக்க முடியாது.

இப்போது நீச்சல் படிக்கிறேன். கடைக்கு இரண்டு பேர் இன்ஜினோடு வந்திருக்கிறார்கள். இரண்டு படகிலும் போனேன், இரண்டிலும் வாந்தி. முருகன் அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். தாத்தாவின் அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை மத்தியானம் அவர் கடையில் கூட்டம் இருக்காது. தெருவைத் தாண்டிப் போய் அவர் எதிரில் உட்காரப் போகிறேன். ஏன் வரவில்லை என்று மறுபடி கேட்பேன். என்ன பதில் வந்தாலும் பாதியில் எழுந்து வராமல் கேட்டு முடிக்கவேண்டும். அதற்காக எனக்கு ஜெபம் பண்ணுங்கள்.