நெரவி வீட்டு ஈரச்சுவர்

அகஸ்டின் எந்தச் சுவரையும் பார்த்த மாத்திரத்தில் நம்ப மாட்டார். கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற சுவர் உள்ளே நனைந்து கிடக்கும். "நல்லா காஞ்சிருச்சு சார்" என்று சொல்கிற வீட்டுக்காரர், பெயிண்ட் அடித்து முடித்துப் பெண்ணுக்கு நிச்சயம் செய்யும் அவசரத்தில் இருப்பார். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்கிறவருக்கு வேறு யோசனை இருக்கும். ஈரமானியின் ஊசியைச் சுவரில் குத்தி, அது காட்டும் எண்ணைச் சுவரோடு சேர்த்துப் படம் பிடித்த பிறகுதான் அகஸ்டின் வாய் திறப்பார்.

பிறந்தது காரைக்கால் டவுனில். கத்தாரில் பல வருஷம், தண்ணீர் புகுந்த ஓட்டல்களையும் ஆபீஸ்களையும் உலர்த்திக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தார். ஊருக்குத் திரும்பி அதே தொழிலைத் தொடங்கியபோது, வெயில் சும்மாதானே அடிக்கிறது என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக் கடனோடு காப்பீடும் சேர்ந்து வரத் தொடங்கியிருந்த சமயம் அது. வெள்ளத்தில் கெட்ட வீட்டைக் காப்பீட்டுக் கம்பெனியின் செலவில் சரிசெய்யும் பில்டர்களுக்கு, ஈரம் முழுக்கப் போன பிறகுதான் பூசினோம் என்பதற்கு ஆதாரம் தேவைப்பட்டது. கைலாசநாதன் என்ற பில்டர் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஈரம் உறிஞ்சும் மெஷின்களையும் தரையோடு காற்று ஊதும் ஃபேன்களையும் கொண்டுபோய் வைப்பது, போய்ப் போய் அளப்பது, படம் எடுப்பது எல்லாம் அகஸ்டின். அவற்றை வரிசைப்படுத்தி அறிக்கையாக்குவது அவர் மனைவி ஜூலியட்.

ஒருமுறை பூவத்தில் ஒரு வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் காயாமல் அடம் பிடித்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் ஒரு வாளியும் ஈரச் சாக்கும் இருந்தன. சுவரையே புதிதாகக் கட்டித் தருவார்கள் என்ற ஆசையில் வீட்டுக்காரரே நனைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில் கைலாசநாதனுக்குக் காப்பீட்டுக் கம்பெனியிடம் கெட்ட பெயர்தான் மிஞ்சியது. அதன்பிறகு அவர் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அகஸ்டினிடம் சொல்லும் வார்த்தை ஒன்றுதான். "ஆளப் பாக்காத. சுவத்தப் பாரு."

சென்ற மழைக்காலத்தில் நெரவியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஒரு தெரு முழுவதும் தண்ணீர் ஏறியது. அந்தத் தெருவின் கடைசி வீடு சோமசேகரனுடையது. அவருக்குப் புதுச்சேரியில் அரசாங்க வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் அவர் மனைவி வடிவாம்பாள் மட்டும்தான். பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு அகஸ்டின் மெஷின்களை இறக்கினார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும், மெஷினை இரவு பகல் நிறுத்தாமல் ஓடவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். வடிவாம்பாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காபி கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை சோமசேகரன் வந்திருந்தபோது, சமையற்கட்டுப் பின்சுவரைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒருவேளை இது காயவே இல்லைன்னா என்ன சார் பண்ணுவீங்க? இடிச்சுட்டுப் புதுசாக் கட்டித் தருவாங்களா?"

"காஞ்சிரும் சார்."

"இல்ல, காயலன்னா?"

அகஸ்டின் அந்தக் கேள்வியை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

கூடமும் அறைகளும் ஒழுங்காகக் காய்ந்துகொண்டு வந்தன. பின்சுவர் மட்டும் அசையவில்லை. ஒருநாள் கொஞ்சம் இறங்கும், மறுநாள் பழையபடி ஏறும். மெஷின் தொட்டியில் சேர வேண்டிய தண்ணீரும் குறைவாகவே சேர்ந்தது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் முள்ளைப் பார்த்தார். இரவில் மெஷின் ஓடியிருக்கவே இல்லை.

"ராத்திரி மெஷின நிறுத்தினீங்களாக்கா?"

"இல்ல தம்பி. கரண்டு போச்சு."

எதிர்வீட்டில் விசாரித்தார். கரண்டு போகவில்லை என்றார்கள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். வடிவாம்பாள் பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்தார். அகஸ்டின் சமையற்கட்டைச் சுற்றி வந்தார். சிலிண்டருக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தார். வாளி எதுவும் இல்லை. இல்லாதது அவருடைய சந்தேகத்தைக் குறைக்கவில்லை. பூவத்து ஆளைவிட இவர்கள் விவரமானவர்கள் என்றுதான் தோன்றியது.

வீட்டில் ஜூலியட் படங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அவங்க ஏன் நிறுத்துறாங்கன்னு கேட்டீங்களா?"

"நிறுத்தவே இல்லங்கிறாங்க. அப்புறம் ஏன்னு எப்படிக் கேக்குறது?"

அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வீட்டார் வேண்டுமென்றே உலர்த்தும் வேலைக்கு இடைஞ்சல் செய்வதாகச் சந்தேகிக்கிறோம். ஜூலியட் தயங்கினாள். "வேண்டுமென்றேன்னு போடணுமா?" என்றாள். போடத்தான் வேண்டும் என்றார். கைலாசநாதன் அதை அப்படியே காப்பீட்டு சர்வேயருக்கு அனுப்பிவிட்டார். கிளெய்மை நிறுத்தி வைத்திருப்பதாக சோமசேகரனுக்குப் புதுச்சேரிக்கே போன் போனது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பேச்சே இருக்காது என்று அகஸ்டின் நினைத்தார். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில், சொல்லாமல் நெரவிக்குப் போனார். மழை தூறத் தொடங்கியிருந்தது. பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக நடந்தார். சமையற்கட்டு ஜன்னலின் கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் வந்து அதை நிறுத்தினார். பின்கதவைத் திறந்தார். அகஸ்டின் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அடுத்துச் சுவரை நனைப்பார் என்று காத்திருந்தார். வடிவாம்பாள் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று, கொல்லைக்கு அப்பால் வாய்க்கால் இருக்கும் திசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். சாரல் உள்ளே அடித்தது. புடவை முந்தானை நனைந்தது. அவர் நகரவில்லை. சந்தில் கிடந்த ஓடு ஒன்று அகஸ்டின் காலடியில் நொறுங்கியதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"யாரது?"

"நான்தாங்க்கா. அகஸ்டின்."

"இங்க நின்னு என்ன பண்றீங்க?"

அகஸ்டின் கோபமாகத் திருப்பிக் கேட்டார். "மெஷின எதுக்கு நிறுத்தினீங்க? நான் என் கண்ணால பாத்தேன். இனிமே கரண்டு போச்சுன்னு சொல்லாதீங்க."

வடிவாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வருவார் என்று அகஸ்டின் எதிர்பார்த்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அன்னிக்கித் தண்ணி வந்த சத்தமே எனக்குக் கேக்கல தம்பி. தலைக்கு மேல ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. தூக்கம் கலைஞ்சு காலக் கீழ வெச்சேன். முழங்கால் வரைக்கும் தண்ணி. இருட்டு. மாடிப்படி எந்தப் பக்கம்னே தெரியல. செவுத்தத் தடவித் தடவிப் போனேன்."

"சரிங்க்கா, அதுக்கு..."

"இந்த மெஷினு ஃபேனவிடப் பெருசாக் கத்துது. ஓடிட்டே இருந்தா வாய்க்கால் சத்தம் எனக்குக் கேக்காது. பகல்ல கண்ணால பாத்துக்குவேன். இருட்டினா நிறுத்திட்டு, கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு இங்கயே உக்காந்துருவேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? தண்ணி வருதான்னு விடிய விடியக் காது குடுத்துட்டு இருக்கேன்னா? அவர்ட்டயே சொல்லல. சிரிப்பாரு."

பின்சுவர் ஏன் காயவில்லை என்பது அகஸ்டினுக்கு அங்கே நின்றபடியே விளங்கியது. மெஷின் பகல் முழுக்க உறிஞ்சியதை, திறந்த கதவு வழியே இரவெல்லாம் வந்த ஈரக்காற்று திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வடிவாம்பாள் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். "என்னைப் போட்டோ புடிச்சீங்களா?"

அகஸ்டின் படத்தைக் காட்டி, கண்ணெதிரிலேயே அழித்தார்.

"வேற யாருக்கும் போகலல்ல?"

"இல்லக்கா."

"நிஜமாவா?" என்று மறுபடி கேட்டார். இரண்டாவது தடவை சொன்ன பதிலையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அகஸ்டின் அன்றைக்கே கைலாசநாதனுக்குப் போன் செய்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார் கைலாசநாதன்.

"காது குடுத்துட்டு இருந்தாங்களாக்கும்" என்றார். "உனக்கு அவங்க சொந்தமா?"

"இல்லண்ணே."

"பின்ன என்ன? யாராச்சும் வந்து பேசினாங்களா?"

அகஸ்டினுக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அடுத்தவர்களிடம் அவர் கேட்டிருக்கிறார்.

விசாரிக்க வந்த சர்வேயர் இஃபாத், நாகப்பட்டினத்திலிருந்து வந்த இளம்பெண். முதல் அறிக்கையையும், அகஸ்டின் திருத்தி அனுப்பியிருந்த இரண்டாவதையும் சமையற்கட்டில் நின்றபடியே படித்தாள். வடிவாம்பாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விவரம் தெரிந்து லீவு போட்டு வந்திருந்த சோமசேகரன் அவர் பக்கத்தில் இருந்தார்.

"முதல்ல ஒண்ணு எழுதியிருக்கீங்க. இப்ப அதுக்கு நேர்மாறா எழுதியிருக்கீங்க. நடுவுல என்ன நடந்துச்சு?"

"விசாரிச்சேன் மேடம்."

"அப்ப முதல் அறிக்கை விசாரிக்காம எழுதினதா?"

"ஆமா."

இஃபாத் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இத நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம் மேடம். நீங்களே வந்து அளந்து பாருங்க. சொல்லிட்டு வர வேணாம்."

அன்றிலிருந்து மெஷின் பகலில் மட்டும் ஓடியது. அந்த நேரமெல்லாம் பின்கதவை அடைத்து, இடுக்கில் பிளாஸ்டிக் ஒட்டினார்கள். இருட்டுமுன் மெஷினை அகஸ்டினே வந்து நிறுத்தினார். இரவில் சமையற்கட்டு அப்படியே மூடிக் கிடந்தது. வடிவாம்பாள் கூடத்து ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காது கொடுத்தார். வேலை இழுத்தது. கைலாசநாதன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இஃபாத் தன் சொந்த ஈரமானியோடு திடுதிப்பென்று வந்தாள், ஒருநாள் காலையில், ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில். சுவரின் மேல், நடு, அடி எங்கும் குத்திப் பார்த்தாள். சிலிண்டருக்குப் பின்னாலும் அலமாரிக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். அகஸ்டின் ஒதுங்கி நின்றார். தேடுகிறவர்களின் முதுகு வீட்டுக்காரர்களின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

சுவர் காய்ந்தது. இஃபாத் பூச்சுக்கு அனுமதி கொடுத்தாள். கிளம்பும்போது, "உங்க பழைய வேலைகள்லயும் சிலத எடுத்துப் பாக்கப்போறேன்" என்று அகஸ்டினிடம் சொன்னாள். சொன்னபடி பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும் கைலாசநாதன் அடுத்த இரண்டு வீடுகளுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார். பிறகு அந்த ஆள் சரியில்லை என்று இவரையே கூப்பிட்டார்.

பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்த ஒருநாள் சோமசேகரன் தெருவில் அகஸ்டினை நிறுத்தினார்.

"காரைக்காலுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துருக்கேன் சார். கெடைக்குமான்னு தெரியல." கொஞ்சம் தயங்கினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவ. உங்ககிட்ட சொல்லியிருக்கா."

"எங்கிட்டயும் முதல்ல சொல்லல சார்" என்றார் அகஸ்டின். கண்ணாடிக்கு வெளியே நின்றதைப் பற்றி அவர் சொல்லவில்லை.

மெஷின்களை ஏற்ற வேன் வந்த அன்று வடிவாம்பாள் வாசலில் நின்றார். காபி வேணுமா என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பெட்டியும் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேங்க்கா" என்றார் அகஸ்டின்.

"சந்துப் பக்கம் சமையக்கட்டு ஜன்னலுக்குத் திரை போட்டுட்டேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.