பிரித்துக் காட்டிய பொட்டலம்

நீலாவதி நிக்கோபார்ப் பக்கத்துக் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, போர்ட் பிளேரில் ஹேடோ குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கட்சால்காரர்களுக்காகச் செல்போனில், படமும் சேதியும் போட ஒரு வலைத்தளப் பக்கம் நடத்திவந்தாள்.

கப்பலில் ஊருக்குப் போகிறவர் கையில் பொட்டலம் கொடுத்துவிடுவது தீவு வழக்கம். ஒருமுறை எவனோ மாவுப் பைக்குள் சாராயம் வைத்து அனுப்ப, எடுத்துப்போனவர் போலீசில் மாட்டினார். அதிலிருந்து மூடிய பொட்டலத்தை யாரும் தொடுவதில்லை. பிரித்துப் பரப்பி, எடுத்துப்போகிறவரையும் நிறுத்திப் படமெடுத்து நீலாவதி பக்கத்தில் போடுவாள். கப்பலேறும் துறையில், ஜெட்டியில், போலீஸ் கேட்டால் அதுதான் சாட்சி.

இந்த முறை பொட்டலம் அவளுடையது. கட்சாலில் இருக்கும் அண்ணன் சிவப்பிரகாசத்துக்கு, அங்கே கிடைக்காத வலிப்பு மாத்திரை. அட்டை அட்டையாகப் பரப்பி, ஊருக்குப் போகவிருந்த ரவிச்சந்திரனை நிற்கவைத்துப் படம் போட்டாள். சோறு வடிப்பதற்குள் பக்கமே இல்லை. போதை மருந்து விற்பனை என்று வலைத்தளக் கம்பெனி மூடிவிட்டது. டாக்டர் சீட்டைக் காட்டி முறையிட்டாள். மறுநிமிடமே பதில்: பரிசீலித்தோம், மாற்றமில்லை.

சர்க்கார் ஆபீசுக்குப் போனாள். கப்பல் டிக்கெட் வரிசையில் நடந்த அடிதடியைப் போன வருஷம் அவள் பக்கத்தில் போட்டபோது, அதை நீக்கச் சொல்லி அங்கிருந்துதான் போன் வந்தது.

"அன்னைக்கு எடுன்னீங்க, எடுத்தேன். இன்னைக்குப் பக்கத்தைத் திரும்ப வைக்கச் சொல்லுங்க சார்."

"எடுக்கச் சொல்லத்தாம்மா எங்களுக்குச் சட்டம். வைக்கணும்னா கம்பெனியைக் கேளுங்க."

"கம்பெனி எங்க சார் இருக்கு?"

"மெயின்லேண்ட்லகூட இல்லம்மா," என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

துறைமுகத்தில், அவளை அக்கா முறையில் தீதி என்றழைக்கும் ரவிச்சந்திரன் பொட்டலத்துக்குக் கை நீட்டவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தீதி. என் மூஞ்சியோட சேர்த்துப் போதை மருந்துன்னுட்டான். எத்தனை பேரு பார்த்தாங்களோ."

"என்ன மாத்திரைன்னு உனக்குத் தெரியும்லடா?"

"எனக்குத் தெரியும். போலீசுக்கு?"

"சீட்டைக் கையில வச்சுக்க."

"சீட்டை நீட்டுறதுக்குள்ள ரெண்டு அறை விழுந்துரும் தீதி."

அவன் ஏறிக்கொண்டான். கப்பல் போனது. அவள் வீட்டுக்கு வந்து பொட்டலத்தை அரிசி டின் மேல் வைத்தாள். அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"யாருகிட்ட கொடுத்துவிட்ட தங்கச்சி?"

"யாரும் எடுக்கலண்ணே. அடுத்த கப்பல்ல பார்க்கிறேன்."

"கப்பல் என்னைக்கோ," என்றான். "விடு. இருக்கிறதைப் பாதிப் பாதியா ஒடிச்சுப் போட்டுக்கிறேன்."

அந்த மாத்திரையைக் குறைத்துப் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீலாவதிக்கு அது நன்றாகவே நினைவிருந்தது.

"சரிண்ணே," என்றாள்.