சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு

ஒரு கார் செத்துப்போவதை நான் முதன்முதலாகக் கண்டது எட்டு வயதில், மடியில் மல்லிகைச் சரத்தோடு.

எழுபதுகளில், எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் அப்பா ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிவந்தார். பக்கத்து வீட்டு அக்காளின் திருமணத்துக்கு முந்தைய நாள், ஸ்டியரிங்குக்கு அப்பால் ஒரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. எஞ்சினுக்குள் எண்ணெய் ஏறவில்லை என்பதற்கு அது அறிகுறி. அம்மாவின் தம்பியான மாமா எதையும் கழற்ற வல்லவர். திரும்ப மாட்டுவது வேறு விஷயம். எங்கள் வாசலிலேயே எண்ணெய் ஊற்றினார், ஒயரை முறுக்கினார். விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது.

"அணைஞ்சிருச்சில்லீங்க மச்சான், அப்புறமென்ன?"

"அணைச்சது நீயி, மாப்ளே. அதுவா அணையோணும். காலைல செவந்துதுன்னா வண்டி ஊட்டு வாசலத் தாண்டாது."

மறுநாள் மணப்பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப்போவது அந்தக் காரில்தான். அதில் தன்னருகே என்னை உட்காரவைப்பதாக அக்காள் வாக்களித்திருந்தாள்.

காலையில் காருக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது என் பணி. அப்பா கற்பித்த பதிகத்தை முணுமுணுத்தபடி ஸ்டியரிங்குக்கும் குமிழ்களுக்கும் பொட்டிட்டேன். பட்டாணி அளவேயான அந்தச் சிவப்புக் கண்ணாடிக்கு வந்தபோது கை நின்றது. பிறகு சந்தனத்தைக் கனமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். தெய்வத்தை ஏமாற்றுவதாகத் தோன்றவில்லை. அதற்கு உதவுவதாகவே தோன்றியது.

அப்பா எஞ்சினைக் கிளப்பிக் குனிந்து பார்த்தார். பொட்டுகளுக்கிடையே எதுவும் ஒளிரவில்லை. கைகூப்பினார்.

"அம்மன் காப்பாத்திட்டா."

"எங் கைன்னு சொல்லுங்க மச்சான்!"

சித்தூர்ச் சாலையில் பாதி தூரம் சென்றிருப்போம். இரும்பு இரும்பை அடிக்கும் ஓசை, ஒரு பேரொலி, புகை. பிறகு வயல்வெளியின் நடுவே அச்சுறுத்தும் அமைதி. அக்காள் என் கையை நசுக்கினாள்.

அவளுடைய தந்தை கீழே குதித்தார். "ஏனுங்க, நேத்து எரிஞ்ச அந்த லைட்டப் பாக்காமயா எடுத்தீங்க? முகூர்த்தம் போகுதுங்களே!"

அப்பா உள்ளே குனிந்து, காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் பெயர்த்தார். அடியில் விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் பார்வை என் மஞ்சள் விரலுக்கு வந்து, அங்கேயே நின்றது.

நிமிர்ந்தார். "பாத்தனுங்க. எரிஞ்சுதுங்க. தெரிஞ்சுதான் எடுத்தனுங்க."

"தூ! நீயெல்லாம் ஒரு மனுசனா?" அதுவரை 'ஏனுங்க' என்றவர் அவர்.

மணப்பெண் வைக்கோல் வண்டியில் ஏறிப்போனாள். முகூர்த்தம் தவறித்தான் தாலி ஏறியது. அதன்பின் எங்களூரில் எந்த நற்காரியத்துக்கும் அப்பாவின் காரை யாரும் அழைக்கவில்லை.

அன்று அந்தியில், என்னைக் காட்டிக்கொடுக்காத தெய்வத்துக்கு விளக்கின்முன் அழுதழுது நன்றி சொன்னேன். பக்கத்தில் கைகூப்பி நின்ற அப்பாவின் கட்டைவிரல் நகத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும், சாமி படத்தை நோக்கியே நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.