நாலு மணிக்குத் தீப்பிடிக்க வேண்டும்

ஒரு ஊரைத் தீயிலிருந்து காப்பாற்றப் போகிறோம் என்று எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், அந்த ஊருக்கு முதல் ஆபத்து அந்த எட்டுப் பேர்தான். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. எட்டாவது ஆளாகப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொடி மாறியதே தவிர சட்டம் மாறவில்லை. முதலியார்பேட்டை வீட்டிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து, மேற்கே ஒரு கொம்யூனின் மேரிக்குக் குமாஸ்தாவாகப் போய் வந்துகொண்டிருந்தேன். மேரி என்றால், சில ஊர்கள் சேர்ந்த அந்தக் கொம்யூனுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைவர் மேர். காலையில் பிரெஞ்சில் வரும் கடிதத்துக்கு மத்தியானம் இங்கிலீஷில் பதில் கேட்பார்கள். இரண்டும் தெரிந்தவன் என்பதால் என்னைப் பெரிய மூளைக்காரன் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கோடையில் புதுச்சேரிப் பட்டணத்திலிருந்து உத்தரவு வந்தது. கூரை வீடுகள் அதிகமுள்ள ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தீ விபத்துக்கு முன்னேற்பாட்டுத் திட்டம் எழுதி, பெரிய அதிகாரி ஒருவர் முன்னிலையில் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். மேருக்குக் குஷி பிறந்துவிட்டது. மீசையை நீவியபடி, "பட்டணத்துக்காரன் வாயப் பொளக்கணும்ய்யா. நெஜமாவே ஒரு வீட்டக் கொளுத்திக் காட்டுவோம்" என்றார். இதற்காகப் போட்ட எட்டுப் பேர் கமிட்டியில் ஒருவருக்காவது, ஏன், என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

திட்டத்தை எழுதியது நான். முப்பது பக்கம் எழுதினேன். யார் மணி அடிப்பது, யார் ஊதல் ஊதுவது, ஊதல் கேட்டதும் எந்த மூன்று தொண்டர்கள் வீட்டுக்குள் ஓடுவது, வீட்டுக்காரர் எந்த இடத்தில் நின்று கூச்சல் போடுவது என்பது வரை இருந்தது. தண்ணீர் விஷயத்தில்தான் என் மூளை முழுசாக வேலை செய்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த ஊரின் ஓரத்திலேயே, கூப்பிடு தூரத்தில் ஒரு குளம். கோடையிலும் வற்றாது. ஆனால் எல்லைக்கல் குளத்துக்கு இந்தப் பக்கம் நட்டிருந்தது. எங்கள் பிரதேசம் அப்படி. கிழிந்த துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி, நடுநடுவே மதராஸ் மாகாணம் வந்து போகும். அடுத்த அரசாங்கத்தின் தண்ணீரை எங்கள் கொம்யூன் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது? அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. அதனால் ஒன்றரை மைல் தள்ளியிருந்த எங்கள் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய்களில் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று எழுதினேன். அந்த ஊர் மாடுகள் அத்தனையும் தினமும் அந்தக் குளத்தில்தான் குளித்தன. அவற்றிடம் யாரும் அனுமதிக் கடிதம் கேட்டதில்லை.

அடுத்து, கொளுத்துவதற்கு ஒரு வீடு வேண்டுமே. நெல் அவித்துப் பிழைக்கும் ஒரு அம்மாளின் வீட்டைக் கமிட்டி தேர்ந்தெடுத்தது. அடுப்புக்கும் கூரைக்கும் இடைவெளி குறைவு, ஆகவே ஊரிலேயே ஆபத்தான வீடு என்று காரணம் எழுதினோம். உண்மையான காரணம், அவளுக்காகச் சண்டைக்கு வர ஆள் இல்லை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோனுக்குப் போய் அங்கேயே செத்துப்போனவன். அவனுடைய பென்ஷன் அவளுக்கு வந்துகொண்டிருந்தது.

மேர் நேரில் போய், ஓட்டு வீடு கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, உள்ள ஒரு மரப்பெட்டி இருக்குது. அவரு பட்டாளத்துக் காயிதம், பென்ஷன் புஸ்தகம் எல்லாம் அதுலதான் வெச்சிருக்கேன். அத மட்டும் வெளிய எடுத்து வெச்சுக்கறேன்."

அந்தப் புத்தகத்தைக் காட்டினால்தான் பென்ஷன். நெல் அவிக்கிற கூலி மாதத்தில் பாதி நாளைக்குத்தான் காணும். மீதியை அந்தப் பெட்டிதான் பார்த்துக்கொண்டது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பெட்டி உள்ளதாங்க்கா இருக்கணும். அத எடுத்துட்டு வரதுதான் ஒத்திகையே. திட்டத்துல எழுதிட்டேன்."

எழுதிவிட்டேனாம். அடித்து எழுத என் பேனாவில் மையா தீர்ந்துபோயிற்று? வெறும் ஓலைக் குடிசையைக் கொளுத்தினால் பார்க்க நன்றாக இருக்காது, தொண்டர்கள் புகைக்குள் புகுந்து ஒரு பெட்டியைத் தோளில் சுமந்து வந்தால் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். அந்தக் காட்சிக்குச் சொந்தக்காரன் நான் என்ற மிதப்பு.

எங்கள் மேரியில் இன்னொரு பழக்கம் உண்டு. பெரிய மனிதர்கள் வந்தால், நடக்கப்போவதை நடந்ததாக முன்கூட்டியே டைப் அடித்து வைத்துவிடுவோம். அவர்கள் காரில் ஏறும்போது கையெழுத்து வாங்கிவிடலாம், மறுபடி பட்டணத்துக்கு அலைய வேண்டாம். முதல் நாளே அறிக்கையை அடித்து முடித்தேன். 'வீட்டிலிருந்த மரப்பெட்டி உட்பட அனைத்துப் பொருள்களும் சேதமின்றி மீட்கப்பட்டன.'

ஒத்திகை நாள் வந்தது. நாலு மணிக்குத் தீப்பிடிக்க வேண்டும், அதிகாரி நாலுக்கு வந்துவிடுவார். சாலையில் தூசி கிளம்பியதும் தீ வைக்கச் சொல்லியிருந்தார் மேர். அதிகாரி இறங்கும்போது தீ பார்க்கும்படியாக இருக்க வேண்டுமாம். கார் வந்தது, தீயும் வைத்தாகிவிட்டது. ஆனால் வந்தவருக்கு மாலை போட வேண்டாமா? போட்டார்கள். வரவேற்புரை வாசிக்க வேண்டாமா? அதை வாசிப்பவன் நான். எந்த மொழியில் வாசிப்பது என்று கமிட்டியில் இரண்டு நாள் சண்டை நடந்து, கடைசியில் பிரெஞ்சு, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் என்று முடிவாகியிருந்தது. திட்டப்படி உரை முடிந்ததும் அதிகாரி தலையசைப்பார், மேர் கைக்குட்டையைக் காட்டுவார், பியூன் ஊதுவான், தொண்டர்கள் ஓடுவார்கள்.

பிரெஞ்சு முடிந்தபோது கூரையின் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. மே மாத வெயிலில் காய்ந்த ஓலை. தமிழ் பாதியில் இருந்தபோது மறுபக்கமும் பிடித்துக்கொண்டது. தொண்டர்கள் மூன்று பேரும் ஊதலைப் பார்த்தார்கள். பியூன் கைக்குட்டையைப் பார்த்தான். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"பெட்டி! ஐயோ, என் பெட்டி உள்ள இருக்குதே! யாராவது போங்களேன்!"

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அந்த அம்மாள் அலறினாள். வீட்டுக்காரர் கூச்சல் போடுவது திட்டத்திலேயே இருந்ததல்லவா? அதிகாரி மேர் பக்கம் சாய்ந்து, நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் பாராட்டினார். மேர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவள் கயிற்றைத் தாண்டப் பார்த்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் திட்டத்தில் இருந்தது.

நான் மூன்றாவது மொழியை ஆரம்பித்தேன். அவள் குரல் என் குரலை அமுக்கியதால் இன்னும் உரக்க வாசித்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது.

ஊதல் கேட்டபோது உத்தரம் விழுந்துவிட்டது. தொண்டர்கள் ஓடி, வாசலோடு நின்றார்கள். பட்டணத்திலிருந்து வந்த பம்பு வண்டியின் டிரைவர் பீப்பாய்த் தண்ணீர் மளமளவென்று தீர்வதைப் பார்த்துவிட்டு, "அதோ கொளம் இருக்குதே, கொழாய அதுல எறக்கட்டுமா?" என்று கத்தினார். "அது மதராஸ் தண்ணிய்யா!" என்றார் மேர். அதற்குள் பக்கத்து வீட்டுக் கூரையில் பொறி விழுந்தது. ஊர்ப் பெண்கள் குடமும் தவலையுமாக எல்லைக்கல்லைத் தாண்டி ஓடி, அந்த மதராஸ் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றித் தெருவைக் காப்பாற்றினார்கள். முப்பது பக்கத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதிகாரிக்கு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். காரின் முன்பக்கத்தில் அறிக்கையை வைத்து நீட்டினேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டு வீடு வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கை கொடுத்து மறுபடி ஓலை வேய்ந்து கொடுத்தார்கள். பென்ஷனுக்குத்தான் வழியில்லை. புத்தகம் தீயில் போனது என்று மேரியிலிருந்து சான்று வாங்கி வந்தால் புதிது தருவதாகப் பட்டணத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் அதைக் கேட்டு எங்களிடம் வந்தாள். நான் மேரிடம் கொண்டுபோனேன்.

"பெட்டி பத்திரமா இருக்குதுன்னு அவ்ளோ பெரிய ஆபீசரு கையெழுத்துப் போட்டிருக்காரு. எரிஞ்சு போச்சுன்னு நாம சான்று குடுத்தா அவரு பொய் சொன்னாருன்னு ஆவும். ஒனக்கு வேல வேணுமா வேணாமா?"

வேலை வேண்டியிருந்தது. கண்ணால் பார்த்தேன் என்று நானே என் பெயரில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். பட்டணத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. குடும்பம், பிள்ளைகள் என்று காரணங்களை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது கோழைத்தனம்தான். 'ஆவணப்படி பெட்டி மீட்கப்பட்டிருப்பதால் சான்று வழங்க இயலாது' என்று நானே எழுதி, எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு நானே படித்தும் காட்டினேன்.

அவள் அழவில்லை. சண்டை போடவும் இல்லை.

"பெட்டிய வெளிய எடுத்துட்டீங்கன்னு அதுல எழுதியிருக்குதா தம்பி?"

"ஆமாங்க்கா."

"நீதான எழுதுன?"

"ஆமா."

"அப்ப எடுத்தத குடு. வாங்கிட்டுப் போறேன்."

ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் எழுந்தேன். பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து, பெட்டியைத் தேடுகிறவன் மாதிரி ஒவ்வொரு கட்டாக எடுத்துப் புரட்டிக்கொண்டே நின்றேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மேரி மூடும்வரை காத்துக்கொண்டிருந்தாள்.