ஏணி நிற்கும் பக்கம்

அண்ணன் இறைவனடி சேர்ந்து ஆண்டு ஒன்று நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றாருக்கும் நண்பர்களுக்கும் ஒரு தம்பியின் வணக்கம். பிள்ளைப்பேறு இல்லாத அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதுகிறவன் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் திருட்டு மின்சாரம் பிடிக்கும் பிரிவில் காலம் தள்ளியவன் நான். மீட்டர் மெதுவாக ஓடினால் அந்த வீட்டு நாயின் மேல்கூட எனக்குச் சந்தேகம் வரும். ஆகவே இக்கட்டுரையில் புகழுரையோடு கொஞ்சம் விசாரணையும் கலந்திருக்கும். பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில். அப்பாவுக்கு வாழைத்தார் வியாபாரம். தார் ஏற்றிவிட ரயிலடிக்குப் போகும் அப்பாவுடன் அண்ணனும் போவார். போன இடத்தில் வேலையை விட்டுவிட்டு, திருச்செந்தூர் வண்டியின் கரி எஞ்சினை வாய் பார்த்து நின்று முதுகில் வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்பா திடீரென்று காலமானபோது அண்ணன் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். மறுபேச்சில்லாமல் படிப்பை விட்டார். திருநெல்வேலியில் ஒரு மருந்து மொத்தக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார். நான் இன்று நாலு பேர் முன்னால் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்கிறேன் என்றால் அது அண்ணன் போட்ட பிச்சை.

ஐம்பது வயதைத் தாண்டி, சற்று மூச்சு விட நேரம் கிடைத்தபோதுதான் அவருக்கு அந்த மோகம் பிடித்தது. வெளிநாட்டுப் பொம்மை ரயில் எஞ்சினை வாங்குவார். புத்தம் புதிதாகப் பளபளக்கும் அதை அறுப்பார், உப்புத்தாளால் தேய்ப்பார், பித்தளைக் கம்பியில் கைப்பிடி செய்து ஒட்டுவார். நம் ஊர்ப் பக்கம் ஓடிய எஞ்சின் ஒன்றின் பழைய புகைப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு அதைப் போலவே ஆக்குவார். கடைசியில் கரியும் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தது போல அழுக்குப் பூசுவார். காசு கொடுத்து வாங்கிய பொருளை அழுக்காக்குகிற மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை.

ஒருநாள் வண்ணார்பேட்டையில் ஒரு வளையல் கடையில் அண்ணன் சிவப்பு நகச்சாயமும் புருவம் திருத்தும் இடுக்கியும் வாங்குவதைப் பார்த்தேன். அண்ணன் மனைவி, என் மதினி, நகத்துக்குச் சாயம் பூசுகிறவரல்ல. சும்மா இருப்பேனா? பின்னாலேயே போனேன். அவர் நேராக வீட்டுக்குத்தான் போனார். எஞ்சினின் முகப்புப் பலகைக்கு அந்தச் சிவப்புதான் பொருந்துமாம்; இடுக்கி, கம்பியைப் பிடிக்கவாம். என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னலே, மீட்டர் பார்க்க வந்தியா?" என்றார். மதினி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவருடைய பிடிவாதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். படத்தில் இருப்பது எஞ்சினில் இருக்க வேண்டும். ஒரு விளக்கு கடுகளவு தள்ளி ஒட்டியிருந்தாலும் பிய்த்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். "பாக்கிறவனுக்குத் தெரியாது அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால், "எனக்குத் தெரியுதே வே" என்பார்.

ஸ்ரீவைகுண்டத்தில் தாம் பார்த்த கரி எஞ்சினைச் செய்யத் தொடங்கிப் பாதி வேலையில் இருந்தபோது அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. இடக்கையால் காபித் தம்ளரைப் பிடித்தாலும் பாதி நெஞ்சில்தான் சிந்தும். பார்க்கவே முடியாது. வெளியே வந்து அழுதுவிட்டுத்தான் மறுபடி உள்ளே போவேன்.

ஆனால் எஞ்சின் வளர்ந்துகொண்டே இருந்தது. ஒருமுறை போனால் புகைபோக்கிக்கு மூடி வந்திருக்கும். அடுத்த முறை தலைமயிர் போன்ற கைப்பிடிக் கம்பி வந்திருக்கும். வருகிறவர்கள் எல்லாம் அண்ணனின் மனவுறுதியை மெச்சிவிட்டுப் போனார்கள். தம்ளர் நிற்காத கையில் கம்பி எப்படி நிற்கும்? எனக்குள் பழைய உத்தியோகம் விழித்துக்கொண்டது.

பாளையங்கோட்டை டேனியல் சார் மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்; அண்ணனுக்கு இந்தப் பித்தில் ஒரே கூட்டாளி. ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் துணிப்பையோடு வருவார், துணிப்பையோடு போவார். அந்தப் பைக்குள் என்ன என்று ஒருநாளும் காட்டியதில்லை. அண்ணனின் எஞ்சினில் தானே வேலை செய்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதாக்கிக்கொள்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

அண்ணன் சென்ற ஆண்டு உறக்கத்திலேயே அமைதியாகப் பிரிந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்ததும், அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்து, புகைப்படத்தையும் எஞ்சினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிலக்கரிப் பெட்டியின் பின்புறம் ஆள் ஏறும் ஏணி படத்தில் வலது ஓரம் இருந்தது. எஞ்சினில் இடது ஓரம் இருந்தது. அண்ணன் செய்த எஞ்சினில் இப்படி ஒரு பிழை இருக்கவே இருக்காது. அப்படியானால் இது அண்ணனின் எஞ்சின் அல்ல. மாற்றிவிட்டார்கள். அண்ணன் என்று சொல்லித் தொட்டுப் பார்க்க எனக்கு மிஞ்சியிருந்த ஒன்றும் போய்விட்டது என்று நினைத்தேன்.

நேரே பாளையங்கோட்டைக்குப் போய் டேனியல் சாரிடம், "எங்கண்ணன் எஞ்சின் எங்கவே?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஏணிய வச்சுத்தானே கேக்கேரு? எனக்கு எப்பவோ தெரியும் வே. என் பையில பெயின்டும் பசையும்தான் வரும். ஏணிய யார் ஒட்டுனதுன்னு உம்ம மதினிகிட்ட கேளும்."

நான் திரும்பி வந்தபோது மதினி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நான்தான் தம்பி ஒட்டுனேன். ஏணி மட்டுமில்ல, அவுக படுத்த பெறகு வந்தது எல்லாமே நான் ஒட்டுனதுதான். கை வரலன்னு ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு நெனைச்சாக. நானும் சொல்லல."

"ஏணி பக்கம் மாறியிருக்கே மதினி?"

"நடுவுல எஞ்சின வச்சுக்கிட்டு எதிரும் புதிருமா உக்காந்திருப்போம். அன்னைக்கு எஞ்சின் பின்புறம் என்னப் பாத்து இருந்துச்சு. அவுக இடது கையத் தூக்கி இந்தப் பக்கம்னு காட்டுனாக. அவுக இடது எனக்கு வலதுன்னு தோணாம, நான் என் இடது பக்கம் ஒட்டிட்டேன். காஞ்ச பெறகு படத்தப் பாத்தா தப்பு. பிய்ச்சிருவோம்னு கத்திய எடுத்தேன். அவுக என் கையப் பிடிச்சுக்கிட்டாக. 'இருக்கட்டும்'னாக. அந்த ஒரு வார்த்த தெளிவா வந்துச்சு."

கடுகளவு பிழை பொறுக்காத மனிதர் அதை விட்டுவைத்திருக்கிறார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அண்ணனின் கடைசிக் காலத்தில் கை கொடுத்த மருத்துவர், செவிலியர், தினமும் வந்து தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டார், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டேனியல் சாருக்கும் நன்றி. சந்தேகப்பட்டதை அவர் தொழில் தோஷமாக எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் டேனியல் சார் மதினியைப் பார்க்க வந்திருந்தார். மதுரையில் பொம்மை ரயில் செய்பவர்கள் கூடும் கண்காட்சிக்கு அந்த எஞ்சினைக் கொண்டுபோக அனுமதி கேட்டார். படத்தோடு ஒப்பிட்டுத்தான் பரிசு என்றும், மதினி சரி என்றால் ஏணியை மெல்லக் கழற்றி வலது ஓரம் ஒட்டிவிடலாம் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். வைக்கவேண்டிய பெயரட்டையையும் எழுதியே கொண்டுவந்திருந்தார். அண்ணன் பெயர் மட்டும் அழகான எழுத்தில் இருந்தது.

மதினி அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பரிசு இல்லையென்றால் போகிறது, ஏணியைத் தொட வேண்டாம் என்றார். பிறகு அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "அவுக பேருக்குக் கீழ என் பேரையும் எழுதுங்க சார்" என்றார்.